மலையூரிலிருந்து வினாடி வினா மேடைக்கு

கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக வினாடி வினா நடத்தி வருகிறேன். தொலைக்காட்சியில் அப்படியொரு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். குரலையும் தோற்றத்தையும் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு, கேள்வி எழுதுவதிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் சொல்லும் முதல் விடை.

அந்த நாற்காலிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரைப்புகழின் வழி. 2000-ஆம் ஆண்டு 'கௌன் பனேகா குரோர்பதி' என்ற இந்தி வினாடி வினா நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கியபோது அமிதாப் பச்சனுக்கு வயது 57. அதன் தமிழ் வடிவமான 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யை 2012-இல் சூர்யாவும் அடுத்த பருவத்தில் பிரகாஷ்ராஜும் நடத்தினர். மற்றொன்று, கேள்வியின் வழி. 1985-இல் தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' நடத்திய சித்தார்த்த பாசுவே பிற்காலத்தில் அமிதாப் நிகழ்ச்சியின் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். நமக்குத் திறந்திருப்பது இரண்டாவது வழி.

நல்ல கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். இதை நான் கற்றது ஒரு தவற்றினால். "நீலகிரி மலை ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு எது?" என்று ஒருமுறை கேட்டேன். ஒரு சிறுமி 1899 என்றாள். என் அட்டையில் 1908 என்றிருந்ததால் தவறு என்று அறிவித்துவிட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் வந்தது 1899-இல், அது உதகைக்கு நீண்டதுதான் 1908-இல் என்று பார்வையாளர்களிடையே இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் எழுந்து சொன்னார். நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன், ஆனாலும் அந்தச் சிறுமியின் முகம் அதற்குள் வாடிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் வேறு யாராவது ஒருவரிடம் கொடுத்து, "இதற்கு இன்னொரு விடை சொல்ல முடியுமா?" என்று கேட்ட பிறகே மேடைக்கு எடுத்துச் செல்கிறேன். "உயரமான சிகரம் எது?" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது; தமிழ்நாட்டில் என்றால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, தென்னிந்தியாவில் என்றால் கேரளத்தின் ஆனைமுடி.

அடுத்தது வாசிப்பு. நான்கு விடைகளையும் ஒரே வேகத்தில், ஒரே தொனியில் படியுங்கள். சரியான விடையில் குரல் சற்றே அழுந்தினாலும் கூர்மையான பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "இதுதான் உங்கள் இறுதி விடையா?" என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே மாதிரி கேட்டுப் பழகுங்கள். போட்டியாளர் யோசிக்கும்போது மௌனத்தை நிரப்ப முயலாதீர்கள். புதியவர்கள் அந்தச் சில நொடிகளுக்கு அஞ்சிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், ஆனால் பார்ப்பவர்களும் சேர்ந்து விடை தேடுவது அப்போதுதான்.

போட்டியாளருடன் முன்னதாகவே சில நிமிடங்கள் பேசிவிடுங்கள். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளையும் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே மேடையில் அமரும் ஊர் இது, யாருடைய பேச்சு வழக்கையும் திருத்துவது தொகுப்பாளரின் வேலையன்று. கேள்வியைப் பேசினால் மட்டும் போதாது, எழுத்திலும் காட்டுங்கள். ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார் என்பதை நினைவில் வையுங்கள்.

மலைக்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. குளிரில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதால் வெந்நீர்க் குடுவை அருகில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கேள்விகளை அச்சிட்டும், மதிப்பெண்களைக் கரும்பலகையில் எழுதியும் வைத்துக்கொண்டால், ஒலிபெருக்கி நின்றுபோனாலும் போட்டி நிற்காது.

இப்படிச் சில நிகழ்ச்சிகளை நடத்திய பிறகு, அவற்றில் ஒன்றைக் கைப்பேசியில் முழுமையாகப் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து, ஒரு போட்டியாளர் தவறாக விடை சொன்னதும் நீங்கள் அவரை எப்படி வழியனுப்பினீர்கள் என்று தெரியும் பகுதியை வெட்டி எடுத்து, உள்ளூர்க் கேபிள் அலைவரிசையிடம் முதலில் காட்டுங்கள்.