கீழ்த்தட்டு குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் ஃப்ரீசர் ஃபேனைப் பாருங்கள்

ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, ஆனால் மேலே ஃப்ரீசரில் ஐஸ் மட்டும் கல் மாதிரி இருக்கிறது என்றால், தயவுசெய்து "கேஸ் போயிருச்சு" என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் போன கத்திரி வெயிலில் இதேதான் நடந்தது. பார்க்க வந்த மெக்கானிக் எதையும் கழற்றாமலே கேஸ் நிரப்பணும் என்றார், நிரப்பினோம், நாலு நாளில் மறுபடி மாவு புளித்தது, அம்மாவின் இன்சுலின் டப்பா தொட்டுப் பார்த்தால் சூடு தட்டிப்போய் இருந்தது. திறக்காத இன்சுலின் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. அந்தக் கோபத்தில்தான் ஃப்ரீசரின் பின்பலகையை நானே கழற்றினேன். உள்ளே உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்று, விரலால் தள்ளினாலும் நகராமல் இறுகிக் கிடந்தது. அதை மாற்றியதோடு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் இரண்டு வீட்டுக்கு இதே வேலையைச் செய்து கொடுத்துவிட்டேன், அதனால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யும்படி இதை எழுதுகிறேன்.

முதலில், இது யாருக்கு? ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று சொல்கிற டபுள் டோர் ஃப்ரிட்ஜுக்கு. ஃப்ரீசரில் பனி படர்ந்து, நடுவில் ஒரு பட்டனை அமுக்கி உருக வைக்கிற சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்களில் பொதுவாக இந்த ஃபேன் இருக்காது. டபுள் டோரில் குளிர் உண்டாகிற காயில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், அது ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தக் குளிரை ஃப்ரீசருக்குள்ளும், ஒரு குழாய் வழியாகக் கீழ்த்தட்டுக்கும் ஊதித் தள்ளுவது இந்த ஃபேன். ஃபேன் நின்றால் காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரீசர் எப்படியோ குளிர்ந்துகொள்ளும், கீழே இருக்கிற காய்கறியும் பாலும் மாவும்தான் கெடும். கேஸ் நன்றாகக் குறைந்துவிட்டால் பெரும்பாலும் ஃப்ரீசரிலேயே ஐஸ் ஒழுங்காக உறையாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

கழற்றும் முன் காதைக் கொடுங்கள்

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஃப்ரீசர் கதவைத் திறங்கள். கதவு திறந்தால் ஃபேன் நின்றுவிடுகிற மாதிரிதான் நிறைய மாடல்களில் இருக்கும், அதனால் கதவுச் சட்டத்தில் இருக்கும் சின்ன பட்டனை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பலகையில் உள்ள துவாரத்துக்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். காற்று வர வேண்டும். புது மாடல்களில் பட்டன் வெளியே தெரியாது, காந்தத்தில் வேலை செய்யும். அப்படியானால் ஒரு சின்ன உத்தி: கீழ்த்தட்டில் காற்று வரும் துவாரத்தில் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை டேப் போட்டுத் தொங்கவிட்டு, எதிரில் செல்போனை வீடியோவில் வைத்து, விளக்கையும் போட்டு ஐந்து நிமிடம் கதவை மூடிவிடுங்கள். பேப்பர் ஆடியதா இல்லையா என்று வீடியோ சொல்லிவிடும். ஒரு தடவை ஆடவில்லை என்பதற்காக ஃபேன் போச்சு என்று நினைக்க வேண்டாம், உள்ளே பனி உருக்கும் நேரத்திலும் ஃபேன் நிற்கும். ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு தடவை பாருங்கள். ஃப்ரீசரில் நல்ல காற்று, கீழே மட்டும் வரவில்லை என்றால் ஃபேன் மேல் தப்பில்லை, நடுவில் உள்ள குழாயோ அதன் மூடியோ அடைத்திருக்கிறது.

சத்தமும் ஒரு அடையாளம். கீச்கீச் என்று ஒரே சீராக வந்து, கதவைத் திறந்ததும் நின்றால் மோட்டாரின் புஷ் (சுற்றுகிற தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம். கரகரவென்று எதிலோ உரசுகிற மாதிரி வந்தால் இறக்கையில் ஐஸ் தட்டுகிறது, அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

என்றைக்குச் செய்வது

என் யோசனை, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள். எப்படியும் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும், ஃப்ரிட்ஜில் இருப்பதையும் முந்தின நாளே தீர்த்து வைத்திருப்போம், ஐஸ் உருகவும் நேரம் கிடைக்கும். மீதி இருக்கும் பாலையும் மருந்தையும் பக்கத்துத் தெரு மதினி வீட்டில் கொண்டு வைத்துவிடுங்கள். கரண்ட் இல்லை என்று பிளக்கை விட்டுவிடக் கூடாது, எந்த நிமிடமும் வரும். ஸ்டெபிலைசரில் இருந்தும், சுவரில் இருந்தும் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரியும்படி மேலே தூக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கம்பெனி ஆளைக் கூப்பிடுவதுதான் புத்தி. அப்புறம், கம்ப்ரசர் பக்கத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடிய கேஸ். குழாயில் கீறல் விழாதவரை பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் எதுவும் கூடாது.

சாமான்: ஸ்டார் முனை, தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர் ஒவ்வொன்று, பழைய துணி நிறைய, ஒரு பாத்திரம் வெந்நீர், ரப்பர் கையுறை, ஸ்க்ரூ போட்டு வைக்க ஒரு கிண்ணம், போட்டோ எடுக்க செல்போன்.

பின்பலகையைக் கழற்றுவது

பிளக்கைப் பிடுங்கிய பிறகு கதவைத் திறந்துபோட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். விறைத்த பிளாஸ்டிக் மேல் கை வைத்தால் லாக் எல்லாம் படக் படக்கென்று உடையும். பிறகு ஐஸ் டிரே, நடுத்தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்க்ரூவைத் தேடுங்கள். பாதி ஸ்க்ரூ வட்டமான பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும், தட்டை முனையால் மெல்ல நெம்பினால் மூடி வரும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகு பலகையின் கீழ் ஓரத்தை முதலில் வெளியே இழுத்து, அப்புறம் மேல் பக்கம் விடுவியுங்கள். ஒரேயடியாக இழுக்காதீர்கள், பின்னால் லைட்டுக்கோ சென்சாருக்கோ வயர் போகும். சில மாடலில் ஃபேனே பலகையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இப்போது நிறுத்தி, காயிலை நன்றாகப் பார்த்து ஒரு போட்டோ எடுங்கள். ஐஸை உருக்கும் முன்னால் இந்த ஒரு நிமிடம் ரொம்ப முக்கியம், எங்கள் வீட்டுக்கு வந்தவர் பார்க்காமல் விட்டது இதைத்தான். காயில் முழுக்க மெல்லிய வெள்ளைப் பனி ஒரே சீராகப் படர்ந்திருந்தால் கேஸில் பெரும்பாலும் குறையில்லை. ஒரு மூலையில் மட்டும் பனி, மீதிக் காயில் வெறுமனே கிடக்கிறது என்றால் கேஸ் குறைவு என்ற சந்தேகம் நியாயமானது, அதை நாம் செய்ய முடியாது, தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். காயிலே தெரியாத அளவுக்குப் பாறை மாதிரி ஐஸ் அடைந்திருந்தால், பெரும்பாலும் பனியை உருக்கும் ஹீட்டரோ அதோடு சேர்ந்த பியூஸோ வேலை செய்யவில்லை. ஃபேனில் ஐஸ் தட்டிக் கரகர சத்தம் வந்தது இதனால்தான். அந்த நிலையில் ஃபேனை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி அடைத்துக்கொள்ளும், புது மோட்டாரும் வீணாகும்.

ஐஸை உருக்க அவசரம் வேண்டாம். பாத்திரத்தில் வெந்நீரை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், ஆறினதும் மாற்றுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும், பாறையாக இருந்தால் அதிகமாகும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதுவும் ஐஸ் மேல் படக் கூடாது. காயில் அலுமினியம், ஒரு குத்தில் ஓட்டை விழும், அந்த நிமிடத்தோடு சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். காயிலின் தகடுகள் பிளேடு மாதிரி கூர்மை, கையுறையைக் கழற்றாதீர்கள்.

ஃபேனைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோவது

ஐஸ் முழுக்கப் போன பிறகு இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். ஐஸ் பிடித்திருந்ததால் நின்றிருந்தால் இப்போது லேசாகச் சுற்றும். இறுக்கமாக இருந்தாலோ, ஷாஃப்ட் (இறக்கை மாட்டியிருக்கும் தண்டு) இங்கும் அங்கும் ஆடினாலோ மோட்டார் முடிந்தது. லேசாகச் சுற்றுகிறது ஆனால் ஓடவில்லை என்றால் மல்டிமீட்டர் (வோல்ட், ஓம்ஸ் அளக்கிற கருவி) வேண்டும். 230 வோல்ட் ஏசி மோட்டார் என்றால் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் வழக்கமாகச் சில நூறு ஓம்ஸ் காட்டும், எதுவுமே காட்டவில்லை என்றால் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி) அறுந்துவிட்டது. இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் 12 வோல்ட் டிசி மோட்டார், மூன்று நான்கு வயர் இருக்கும், அதை ஓம்ஸ் பார்த்துச் சொல்ல முடியாது. மோட்டார் நன்றாக இருந்தால் கதவு ஸ்விட்சையோ ஃப்ரிட்ஜை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டையோ சந்தேகப்படணும். கரண்ட் இருக்கும்போது உள்ளே சோதித்துப் பார்ப்பதைப் புதியவர்கள் செய்யவே வேண்டாம்.

கனெக்டரின் லாக்கை அமுக்கிக்கொண்டு கனெக்டரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இறக்கையைப் பிடுங்கும் முன், அது ஷாஃப்டில் எவ்வளவு ஆழம் ஏறியிருக்கிறது, எந்த முகம் முன்னால் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைத் தாங்கும் சின்ன ரப்பர் புஷ்களைப் பத்திரப்படுத்துங்கள். அதை விட்டுவிட்டு மாட்டினால் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் அதிரும்.

வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முதல் தடவை மாடல் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு போய் நின்றேன். கடை அண்ணாச்சி, "பழைய மோட்டாரைக் கழத்திக் கொண்டு வந்துருங்க தம்பி, நம்பரை நம்பி எடுத்துட்டுப் போனா ரெண்டு நடை நடக்கணும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரே மாடலிலேயே மோட்டார் மாறி வரும். ஒப்பிட வேண்டியவை: வோல்ட், சுற்றும் திசை, ஷாஃப்டின் நீளமும் தடிமனும், வயர் எத்தனை, கனெக்டர் அதேதானா. திசை மாறினால் ஃபேன் ஓடும், காற்று மட்டும் போக வேண்டிய பக்கம் போகாது. கனெக்டர் இல்லாத மோட்டாரை வாங்கி வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஈரம் சொட்டுகிற இடம் அது, கொஞ்சம் அலைந்தாலும் அதே கனெக்டரோடு வாங்குங்கள்.

மாட்டுவது

கழற்றின வரிசைக்குத் தலைகீழ். ரப்பர் புஷ், மோட்டார், பிறகு இறக்கையை நேராக அழுத்தி போட்டோவில் இருந்த ஆழத்துக்கு ஏற்றுங்கள். விரலால் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. வயர் இறக்கைப் பக்கம் தொங்காமல் பழைய கிளிப்பிலேயே சொருகுங்கள்.

பலகையை மூடும் முன் காயிலுக்கு அடியில் இருக்கும் வடிகால் துளையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். அது பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் வந்து விழ வேண்டும். விழவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது, இன்னும் வெந்நீர் ஊற்றிச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் உருகுகிற தண்ணீர் அங்கேயே தேங்கி ஐஸாகும். துணியால் எல்லா ஈரத்தையும் துடைத்து, பலகையை மாட்டி, ஸ்க்ரூவைப் பிளாஸ்டிக் விரியாத அளவுக்கு இறுக்குங்கள்.

பிளக்கைப் போட்டதும் ஃபேன் ஓடவில்லையே என்று பதற வேண்டாம், சில மாடலில் காயில் குளிர்ந்த பிறகுதான் ஃபேன் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். முழுக் குளிர் வர ஒரு நாள் பிடிக்கும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள் (காய்ச்சல் பார்க்கிறது ஆகாது, சமையலுக்கோ மீன் தொட்டிக்கோ வைக்கிறது வேண்டும்), மறுநாள் காலை 4 டிகிரிப் பக்கம் காட்டினால் மதினி வீட்டிலிருந்து மருந்தை எடுத்து வந்து உள்ளே வைக்கலாம், காற்றுத் துவாரத்துக்கு நேர் எதிரில் மட்டும் வேண்டாம், இன்சுலின் உறைந்தால் திரும்பப் பயன்படாது.