கிரீஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: வணக்கமும் அறிமுகமும்

கிரேக்கச் சொற்களை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள், தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும். 'போத்தெ' என்றால் எப்போது. 'பொத்தே' என்றால் ஒருபோதும் இல்லை. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நம் குறிலும் நெடிலும் பிரித்துக் காட்டிவிடும். கீழே உள்ள சொற்களில் நெடில் வரும் இடத்தை அழுத்திச் சொல்லுங்கள்.

கடையோ அலுவலகமோ, உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்த வேலையைப் பேச வேண்டும். காலையில் 'கலிமேர'. மதியத்துக்குப் பிறகு 'கலிஸ்பேர'. 'கலிநீஹ்த' இரவில் விடைபெறும்போது மட்டுமே. சந்தித்தவுடன் சொன்னால் கிளம்புகிறீர்கள் என்று நினைப்பார்கள். நேரம் குழப்பினால் 'யா சஸ்' போதும், வரும்போதும் போகும்போதும் பொருந்தும்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கும் உண்டு என்பதால் நமக்குப் பாதி வேலை மிச்சம். நண்பரிடமும் குழந்தையிடமும் 'யா சு'. பெரியவர், அதிகாரி, முன்பின் தெரியாதவர் என்றால் 'யா சஸ்'. பெயர் கேட்பதும் அப்படியே: 'போஸ் செ லேனெ', மரியாதையாக 'போஸ் சஸ் லேனெ'.

பதிலுக்கு 'மெ லேனெ குமார்' என்று சொல்லலாம். 'ஈமெ' என்று தொடங்கினால் பெயருக்கு முன் ஆணுக்கு 'ஒ', பெண்ணுக்கு 'இ' சேர வேண்டும்: 'ஈமெ ஒ குமார்', 'ஈமெ இ பிரியா'. இந்த இரண்டு வடிவங்களையும் கலந்து 'மெ லேனெ ஒ குமார்' என்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஊர் சொல்ல 'ஈமெ அப்போ தின் இந்தீய', இலங்கையர் 'ஈமெ அப்போ தி ஸ்ரி லாங்க'. முடிவில் 'ஹாரிக்க', சந்தித்ததில் மகிழ்ச்சி.

ஒருவரை அழைக்கும்போது ஆண் பெயரின் கடைசி 'ஸ்' விழுந்துவிடும்: யானிஸ் வந்தால் 'யானி' என்று கூப்பிடுங்கள். கண்ணனைக் கண்ணா என்று விளிப்பவர்களுக்கு இது புதிதல்ல.

'தி கானெத்தெ' என்று நலம் கேட்டால், 'கலா, எஃப்ஹரிஸ்தோ. எசீஸ்?' நலம், நன்றி, நீங்கள்?

ஆம் என்பதற்கு 'நெ', இல்லை என்பதற்கு 'ஓஹி'. 'நெ' காதில் மறுப்பைப் போல விழும், கவனம். தலையை இருபுறமும் ஆட்டி ஆமோதிக்கும் நம் பழக்கம் அவர்களைக் குழப்பும், வாயால் சொல்லிவிடுங்கள். முகவாயை மேலே தூக்கி 'ச்சு' கொட்டினால் மட்டும், நம் ஊரைப் போலவே, இல்லை என்றுதான் பொருள்.

ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே காட்டாதீர்கள். அது கடுமையான வசவு. கடையில் ஐந்து வேண்டும் என்று காட்டும்போது உள்ளங்கை உங்கள் பக்கம் இருக்கட்டும்.