கடையைப் பூட்டிய பிறகு போடும் கணக்கு

என் தங்கச்சி மகன் போன தை மாசம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மளிகைக் கடை போடப்போகிறேன் என்று வந்து நின்றான். ரேக் எத்தனை அடிக்கு அடிப்பது, பருப்பும் வத்தலும் விருதுநகரில் எப்போது எடுத்தால் கட்டுப்படியாகும் என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, யோக்கியமா இருந்துக்கிட்டு இதுல சம்பாதிக்க முடியுமா?" என்றான். வாசலில் நின்று பதில் சொல்கிற கேள்வியா அது? மறுபடி உட்காரவைத்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் 26 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கல்லாவில் நின்றுகொண்டு இந்த முடிவுகளை எடுக்காதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எட்டுப் பேர் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் மனசாட்சி பேசாது, கைப்பழக்கம்தான் வேலை செய்யும். ஷட்டரை இறக்கிய பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், செய்துகொண்டிருக்கிற, ஆனால் உறுத்துகிற காரியம் ஒவ்வொன்றும். அதன் பக்கத்திலேயே, அதை விட்டால் மாசம் எத்தனை ரூபாய் போகும் என்ற கணக்கு. வலது பக்கம், அந்த ரூபாயை எங்கிருந்து ஈடுகட்டுவது. பாவம், புண்ணியம் என்று எழுதினால் நோட்டு நிறையும், காரியம் ஆகாது. ரூபாயில் எழுதுங்கள்.

என் நோட்டில் முதல் வரி எடை. எங்கள் அப்பா காலத்தில் கைத்தராசு. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைக்கும் கடைக்காரர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். இப்போது எலக்ட்ரானிக் தராசு, வருஷா வருஷம் முத்திரை போட்டாக வேண்டும், முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பார். அதனால் எடை சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். தராசில் பிழையே இருக்காது. தாளோடும் கவரோடும் சேர்த்து நிறுத்தால் அரைக் கிலோவில் 10 கிராம் தாள். துவரம்பருப்பு கிலோ 160 என்று வைத்துக்கொண்டால், பொட்டலத்துக்கு 1 ரூபாய் 60 காசு. ஒரு நாளைக்கு இப்படி 60 பொட்டலம் போனால் 96 ரூபாய். மாசத்துக்கு 2,880. ராத்திரி இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு வந்த முதல் எண்ணம் வெட்கம் இல்லை, "அடேயப்பா, கரண்டு பில்லே கட்டிரலாமே" என்பதுதான். பொய் சொல்ல வேண்டாம் அல்லவா.

இதற்கு வழி சின்னது. கவரை முதலில் தட்டில் வைத்து, டேர் பட்டனை அமுக்கிப் பூஜ்யம் ஆக்கிவிட்டுப் பருப்பைக் கொட்டுங்கள். ஒரு வினாடி வேலை. ஆனால் 2,880க்கு என்ன செய்வது? மாசம் 900 கிலோ போகிற சரக்கு, கிலோவுக்கு 3 ரூபாய் 20 காசு வருகிறது. நான் கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றி, வாசல் சிலேட்டில் எழுதிப் போட்டேன். மீதியை விட்டுவிட்டேன். எடையில் எடுத்துக்கொண்டிருந்ததை விலையில் எடுத்தேன், அவ்வளவுதான். விலை கண்ணுக்குத் தெரியும், பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாம். போகவும் போனார்கள். மூன்று வீடு பக்கத்துக் கடைக்கு மாறியது. ஒரு வீடு திரும்பி வந்தது, மற்ற இரண்டும் இன்றுவரை வரவில்லை. நேர்மைக்கு ஜனம் தேடி வரும் என்று யாராவது சொன்னால், கடை வாடகையை அவர் கட்டுகிறாரா என்று கேளுங்கள்.

அடுத்த வரி கூல்டிரிங்ஸ். ஃப்ரிட்ஜில் வைக்கிறோம், கரண்டு ஆகிறது என்று பாட்டிலுக்கு 2 ரூபாய் கூட வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் வாங்கினார்கள். எம்.ஆர்.பி. என்பது வரி எல்லாம் சேர்ந்த உச்ச விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன். ஒரு நாள் நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல 20ன்னுதான போட்டிருக்கு?" என்றது. அந்தப் பிள்ளை சண்டைக்குக் கேட்கவில்லை. தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் கேட்டது. அன்றோடு நிறுத்தினேன். ஈடுகட்ட உள்ளூர்ப் பன்னீர் சோடாவை ஃப்ரிட்ஜின் முன்தட்டில் வைத்தேன். அதில் கம்பெனி சரக்கைவிட லாபம் கூட நிற்கும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி விழுந்த இடம் புகையிலைப் பாக்கெட். குட்கா, பான் மசாலாவைத் தமிழ்நாட்டில் 2013 மே மாசம் தடை செய்தார்கள். அதுவரை நானும் கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்றவன்தான். தடை வந்ததும் இறக்கிவிட்டேன். இரண்டே வாரத்தில் பைக்கில் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, முன்ன விட நாலு மடங்கு விலைக்குப் போகுது, கல்லாவுக்குக் கீழ வச்சுக் கொடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மனசுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பாக்கெட்டுக்காக வந்த லோடுமேன்கள் கூடவே பன்னும் பிஸ்கெட்டும் வாங்குவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. நாளுக்கு 200, மாசம் 6,000 குறைந்தது. வலது பக்கம் இரண்டு மாசமாக வெறும் வெள்ளைத் தாள்.

மூன்றாவது மாசம் சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை. வீட்டில் கேட்டாள்: "உங்க மனசாட்சிக்கு என் சீட்டுப் பணந்தான் கெடச்சுதா? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னீங்களா?"

அவள் கேட்டது நியாயம். பாக்கெட் விற்கச் சொல்லி அவள் கேட்கவில்லை, அதை முதலில் இறக்கச் சொன்னவளே அவள்தான். நான் விட்டது எங்கள் இரண்டு பேர் காசை, முடிவு மட்டும் ஒற்றை ஆளாக எடுத்திருக்கிறேன். அதனால் தங்கச்சி மகனுக்கு அழுத்திச் சொன்னது இது: பெரிய தொகையை விடப்போகிறாய் என்றால், வீரமாக வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அந்த நோட்டை வீட்டில் காட்டு. சேர்ந்து உட்கார்ந்ததில்தான் எங்களுக்கு வழி பிறந்தது. அவள் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தாள். அரிசி, உளுந்து, கரண்டு போக மாசம் 4,500 நின்றது. மீதி 1,500 பள்ளம்தான், அதைத் தூர்க்க இரண்டு வருஷம் ஆனது. விட்ட காசுக்கு வேறு வரும்படி பார்க்காதவன் மூன்றாவது மாசம் பைக்கில் வந்த அந்த ஆளுக்குப் போன் போடுவான். எனக்கும் கை போனது, அதனால்தான் சொல்கிறேன்.

தேதி முடிந்த சரக்குக்கு நீளமாக எழுத ஒன்றும் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ளாத ஏஜென்சியிடம் கொஞ்சமாக எடுங்கள். தேதிக்கு 15 நாள் இருக்கும்போதே தனி டப்பாவில் போட்டுப் பாதி விலைக்கு, தேதியைச் சொல்லிக் கொடுங்கள். தேதி தாண்டிவிட்டால் விற்காதீர்கள். பெஸ்ட் பிஃபோர், அதாவது இந்தத் தேதிக்குள் தின்றால் ருசி நன்றாக இருக்கும் என்று போட்ட ரஸ்க் என்றால் நாங்களே டீயில் முக்கித் தின்போம். குழந்தைக்குப் போடுகிற பால் பவுடர் என்றால் கவரைக் கிழித்துக் குப்பையில் கொட்டிவிடுவேன். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது நோட்டில் ஏறவே இல்லை. அதை இன்னமும் செய்கிறேன்.

யாருடையது என்று தெரியாமல் வருகிற காசுக்கு மட்டும் ராத்திரி வரை காத்திருக்கக் கூடாது. ஜிபே பெட்டி ஒரு நாள் மத்தியானம் "ஆயிரத்து இருநூறு ரூபாய்" என்றது. அந்த நேரத்தில் 1,200க்கு யாரும் சாமான் வாங்கவில்லை. 120 அடிக்க வேண்டியவர் ஒரு பூஜ்யம் கூட அடித்துவிட்டார். போனில் வந்த பெயரை எனக்குத் தெரியாது. உடனே எதிர்த்த டீக்கடையில் போய், "யாராவது காசைக் காணோம்னு வந்தா எங்கிட்ட அனுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது எத்தனை பெரிய காரியம் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. தேடி வராதவருக்கு அந்தக் காசு அவசியம் இல்லைதானே என்று மனசு அழகாக வாதாடத் தொடங்கியிருந்தது. டீக்கடைக்காரருக்குத் தெரியும் என்பதால் அந்த வாதம் எடுபடவில்லை. தனக்கு மட்டும் தெரிந்த காசு மூன்று நாளில் தன் காசாகிவிடும். நாலாம் நாள் ஒரு கொத்தனார் வந்தார். மகள் போனில் இருந்து அனுப்பினாராம். 1,080ஐ எண்ணிக் கொடுத்தேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தங்கச்சி மகன் நோட்டை வாங்கிப் புரட்டினான். கடைசி வரியில் விரல் வைத்து, "பீடி, சிகரெட் விக்கிறீங்களே மாமா?" என்றான்.

விற்கிறேன். 18 வயசு ஆகாத பையன் கையில் கொடுப்பதில்லை. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றாலும் கிடையாது. இதனால் ஒரு அப்பா வந்து கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்பது சட்டம், என் கடை கண்மாய்க் கரை தாண்டி இருக்கிறது. சட்டத்துக்கு நான் சுத்தம். பாக்கெட்டை இறக்கியவன் பீடிக்கட்டை வைத்திருப்பது என்ன நியாயம் என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இடது பக்கம் "பீடி, சிகரெட்: 1,900" என்று எழுதி ஆறு வருஷம் ஆகிறது. வலது பக்கம் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.