டயர் கடையில் கேட்கிற ‘டக்’ சத்தம்

போன மாதம் அக்கா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹோண்டா சிட்டி வாங்கினான். அவனுக்கு முதல் கார். நாலு டயரும் தேய்ந்து போயிருந்தன. மாற்றப் போகிற அன்று, “மாமா, நீங்களும் கூட வாங்க” என்று கூப்பிட்டான். கடைக்குப் போனதும் சாவியைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசியில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டான். நான் வேலை நடக்கிற இடத்தில் நின்றேன். என்னுடைய பழைய சான்ட்ரோவுக்கு டயர் மாற்றிய நாளில் நானும் அவனைப் போலத்தான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

ஹேண்ட்பிரேக் போடுவது, சமதளத்தில் நிறுத்துவது, ஜாக்கி ஏற்றும் முன் நட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நான் போகப் போவதில்லை. டயர் மாற்றும்போது நடக்கிற மற்ற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஏர் கன்னால் நட்டை முடுக்க விடுவது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டயர் கடையில் ‘டுர்ர்ர்’ என்று ஓடுகிற அந்த ஏர் கன்னை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கழற்றுவதற்கு அது அருமையான கருவி. ஆனால் எவ்வளவு முடுக்கியிருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது, பிடித்திருப்பவருக்கும் தெரியாது. கார் வீல் நட்டுக்குத் தேவையான முறுக்கு அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஹோண்டா சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர். டொயோட்டா இன்னோவாவுக்கு 103. ஃபோக்ஸ்வாகன் போலோவில் நட்டுக்குப் பதில் போல்ட், அதற்கு 120. டயர் கடையில் இருக்கிற அரை இஞ்ச் கன் 500-ஐச் சாதாரணமாகத் தாண்டும். விசையை இரண்டு விநாடி கூடுதலாக அழுத்தினால் போதும், தேவையைப் போல இரண்டு மடங்கு ஏறிவிடும்.

கடைப் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பத்து வண்டி வரிசையில் நிற்கும். ஒரு வீல் கழன்று ஓடினால் பழி அவர்கள் தலையில். அதிகமாக முடுக்கியதற்காக யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. அதனால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை தானாகப் போகிறது.

சரி, அதிகமாக முடுக்கினால் நல்லதுதானே, கழலாதே என்று தோன்றும். வீலைப் பிடித்து வைத்திருப்பது எது என்று புரிந்தால் அப்படித் தோன்றாது. நட்டை முடுக்கும்போது உள்ளே இருக்கிற ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரை போட்ட கம்பி, மிக நுண்ணிய அளவுக்கு நீள்கிறது, ஸ்பிரிங் மாதிரி. அது சுருங்கப் பார்க்கிற விசைதான் ரிம்மை ஹப்போடு, அதாவது வீல் மாட்டுகிற சுழலும் பாகத்தோடு, அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது இந்த அழுத்தத்தில் வருகிற உராய்வு. ஸ்டட்டை ஓர் அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது, கொஞ்சம் நீண்டபடியே நின்றுவிடும். இன்னும் சில தடவை அதே மாதிரி நடந்தால் ஒருநாள் முறியும்.

என் சான்ட்ரோவில் அதுதான் நடந்தது. டயர் மாற்றிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு தேனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரியகுளம் தாண்டி, ராத்திரி ஒன்பதரை மணிக்கு முன்பக்க இடது டயர் பஞ்சர். ஸ்டெப்னியில் காற்று இருந்தது, ஜாக்கி இருந்தது, ஸ்பேனரும் இருந்தது. நட்டு மட்டும் அசையவில்லை. கையால் இழுத்தேன். காலால் மிதித்தேன். ஸ்பேனர் மேல் ஏறியே நின்றேன். வழுக்கி, ஒரு நட்டின் மூலைகள் மழுங்கியதுதான் மிச்சம். அம்மா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். பக்கத்தில் லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். அவரிடம் ஒரு நீளமான இரும்புக் குழாய் இருந்தது. அதை ஸ்பேனரில் மாட்டி இழுத்ததில் மூன்று நட்டு ‘கீச்’ என்று அலறிக்கொண்டு வந்தன. நாலாவது வரவில்லை. ஸ்டட் முறிந்து நட்டோடு கையில் வந்தது. மூன்றே நட்டில் ஸ்டெப்னியை மாட்டி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெரியவர் மீதி மூன்று ஸ்டட்டையும் தட்டி எடுத்தார். ஒரு புது ஸ்டட்டையும் பழையதையும் மரையோடு மரை சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுனியில் கச்சிதமாகப் பொருந்தியது. நடுவில் மரைகள் ஒன்றோடொன்று ஏறி நின்று, இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. “தம்பி, இது இழுபட்டுப் போச்சு. இனி எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது” என்றார். நாலு ஸ்டட், நாலு நட்டு, ஹப்பைக் கழற்றி மாட்டிய கூலி என்று ஒரு கணக்கு வந்தது. அதோடு பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்று கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நட்டு அதிகமாக, ஒன்று குறைவாக என்று முடுக்கினால் பிரேக் டிஸ்க் ஒரு பக்கமாக இழுபட்டு, சுழலும்போது ஆடும். முன்பக்க டிஸ்க் இரண்டையும் லேத்தில் கடைந்து வாங்கினேன். ஒரு டயருக்குக் கொடுத்ததைவிட அதிகம் போனது. ராத்திரி ரோட்டில் நின்ற அம்மாவின் முகம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கன்னுக்கு மேலே டார்க் ரெஞ்ச்

இப்போது நிறையக் கடைகளில் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறார்கள். நாம் வைத்த முறுக்கு அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் போடுகிற ஸ்பேனர் அது. நல்ல விஷயம். ஆனால் அதை உபயோகிக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் கன்னால் முழுசாக முடுக்குகிறார்கள். அப்புறம் டார்க் ரெஞ்சை வைத்து ஓர் அழுத்து, ‘டக்’ என்று சத்தம். “பாருங்க சார், கரெக்டா இருக்கு” என்கிறார்கள். நாமும் திருப்தியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அந்த ‘டக்’ சத்தத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். ரெஞ்சில் 108 வைத்திருந்தால், நட்டு 108-க்குக் குறையாமல் முடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அது 110-ல் இருந்தாலும் ‘டக்’, 300-ல் இருந்தாலும் அதே ‘டக்’. குறைவாக இருந்தால் நட்டு நகர்ந்து, அளவுக்கு வந்ததும் சத்தம் கேட்கும். அதிகமாக இருந்தால் நட்டு மயிரளவும் நகராமல் உடனே சத்தம் கேட்கும். அதிகமாக முடுக்கியதைக் கண்டுபிடிக்க டார்க் ரெஞ்சுக்கு வழியே கிடையாது.

அன்றைக்கு அக்கா மகனின் வண்டிக்கும் இதே சடங்குதான் நடந்தது. பதினாறு நட்டிலும் ‘டக்’. ஒன்றுகூட நகரவில்லை. அவனை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி வைத்திருந்தான். வீட்டுக்குப் போய் அதே மாதிரி ‘செக்’ பண்ண இருந்தானாம்.

சரியான முறை இது. கன்னைக் கழற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாட்டும்போது நட்டைக் கையால் ஏற்ற வேண்டும். விரலால் நாலைந்து சுற்று லேசாகப் போனால்தான் மரை நேராகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு சாதாரண ஸ்பேனரால் எதிரெதிராக மாற்றி மாற்றி ரிம் உட்காரும் வரை முடுக்குங்கள். டயர் தரையைத் தொடுகிற அளவுக்கு வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்சால் அதே வரிசையில் ஒவ்வொன்றாக. நட்டு நகர்ந்துகொண்டே வந்து ‘டக்’ கேட்க வேண்டும். கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். நிச்சயமாக ஏறியிருக்கிறதா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தால் அது கூடுதல் முறுக்குதான்.

கடையில் ஏற்கெனவே கன்னால் முடுக்கிவிட்டார்களா? வீட்டில் வைத்து ஒரு நட்டை முழுசாகத் தளர்த்தி, கையேட்டு அளவுக்குத் திரும்ப முடுக்குங்கள். அப்புறம் அதற்கு எதிரில் உள்ளது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தளர்த்த வேண்டாம். தளர்த்தும்போதே எந்த நட்டுக்கு எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று கவனியுங்கள், கடைக்காரர் எவ்வளவு முடுக்கினார் என்பது உங்கள் தோளுக்குத் தெரிந்துவிடும். தளர்த்துவதற்கு டார்க் ரெஞ்சை உபயோகிக்காதீர்கள், அதன் அளவு கெட்டுப்போகும். வேலை முடிந்ததும் அதைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கள்.

சொல்ல வேண்டியதை வண்டி ஏறிய பிறகு சொல்வது

ஜாக்கியில் வண்டி ஏறி, கன் ஓட ஆரம்பித்த பிறகு குறுக்கே போய்ச் சொன்னால் யாருக்குமே எரிச்சல்தான் வரும். சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முதலாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, வேலை செய்கிறவரிடமும் சொல்ல வேண்டும். நான் வழக்கமாகச் சொல்வது: “தம்பி, கழட்டுறதுக்கு கன் போட்டுக்கங்க. மாட்டும்போது கையில ஏத்தி விட்டா போதும், கடைசி டைட்ட நான் பார்த்துக்கிறேன்.” யாரும் முகம் சுளித்ததில்லை. அவர்களுக்கு வேலை குறைகிறது. சில கடைகளில் அவர்களே, “நம்பர் சொல்லுங்க அண்ணே, அந்த அளவுக்கு வச்சுத் தர்றோம்” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மாதிரிக் கடையை விட்டுவிடாதீர்கள். எண்ணை ரெஞ்சில் அவர்கள் வைத்த பிறகு ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய வண்டிக்கு வைத்த அளவிலேயே அடுத்த வண்டிக்கும் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காலால் மிதித்து முடுக்குவது

கன் இல்லாவிட்டாலும் இதே தவறு நடக்கும். டிக்கியில் வருகிற ஸ்பேனர் சுமார் 30 சென்டிமீட்டர் நீளம் என்று வையுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் அதன் நுனியில் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சிட்டிக்குத் தேவையானதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நுனியில் சுமார் 37 கிலோ பலம் கொடுத்தால் 108 வந்துவிடும். கையால் ஊன்றி அழுத்தினாலே போதுமான அளவு.

மரையில் எண்ணெய், கிரீஸ்

வேண்டாம். முறுக்குகிற பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது, மீதி உராய்வில் போகிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, அதே ‘டக்’ சத்தத்தில் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

நட்டின் அடிப்பாகத்தைப் பார்க்காமல் விடுவது

இதைத் தெரிந்தவர்கள் குறைவு. நட்டு ரிம்மில் உட்காருகிற அடிப்பாகம் எல்லா வண்டிக்கும் ஒன்று இல்லை. கூம்பு வடிவத்தில் சாய்வாக இருக்கும், அல்லது பந்து மாதிரி உருண்டையாக இருக்கும், அல்லது தட்டையாக வாஷரோடு இருக்கும். ஹோண்டா கம்பெனி நட்டு உருண்டை. வெளியில் வாங்குகிற அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்பு நட்டுக்கானவை. அக்கா மகனின் வண்டியில் பழைய ஓனர் வெளி அலாய் போட்டிருந்தார், நட்டு மட்டும் கம்பெனி நட்டு. கழற்றிப் பார்த்தால், ரிம்மின் ஓட்டைக்குள் நட்டு தொட்ட அடையாளம் நூல் தடிமனுக்கு ஒரு வளையமாக மட்டும் தெரிந்தது. அவ்வளவு சின்ன இடம்தான் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. எத்தனை சரியாக 108 வைத்தாலும் அப்படிப்பட்ட நட்டு நாளடைவில் தளரும்.

12 மில்லிமீட்டர், 1.5 மரையில் பதினாறு கூம்பு நட்டு வாங்கி மாட்டினோம். பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிடப் பார்த்தான். ஸ்டெப்னி கம்பெனியின் இரும்பு ரிம், அதற்கு உருண்டை நட்டுதான் வேண்டும். நாலு நட்டை ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னிக்குள்ளேயே வைக்கச் சொன்னேன்.

ஹப் முகத்தைத் துடைக்காமல் மாட்டுவது

துருவும் மண்ணும் ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் மாட்டினால், ஓட ஓட அது நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் ஒரு நிமிட வேலை. கடலோர ஊர்க்காரர்கள் தவறாமல் செய்யுங்கள்.

காற்று

கடை வைக்கிற அளவு இல்லை, டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு.

இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது

புதியவை பின்னால். முன்னால் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள், கேட்காதீர்கள். தேய்ந்த டயர் பின்னால் இருந்து மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும்.

50 கிலோமீட்டர் கழித்து மறந்துவிடுவது

புதிதாக மாட்டிய வீல் ஓடும்போது கொஞ்சம் படிந்து உட்காரும். பெயின்ட், துரு, புது நட்டின் விளிம்பு எல்லாம் நசுங்கி இடம் கொடுக்கும். அதனால் 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சை ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த முறை தளர்த்தத் தேவையில்லை, ஏனென்றால் கன் படாத நட்டு, சரியான அளவில் வைத்தது நாம்தான். வீல் சூடாக இருக்கும்போது வேண்டாம், ஆறட்டும்.

அக்கா மகன் அந்த வாரமே திருச்சிக்குப் போனான். மணப்பாறையில் சாப்பிட நிறுத்தியவன், சாப்பிட்டு வந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டான். “மாமா, பதினாலு நட்டு அப்படியே ‘டக்’னுது. பின்னால இடது பக்கம் ரெண்டு மட்டும் கொஞ்சம் நகர்ந்து ஏறுச்சு” என்றான். எந்த வீல் என்று குறித்து வைத்துக்கொண்டு, வீடு திரும்பியதும் அந்த இரண்டை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னேன்.