காதில் தொடங்கும் படம்: இசை அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கணினியில் படம் வரையும் பிள்ளைகளைக் காணும்போது ஓர் ஆசை வரும்: வன்னியிலேயே முழுநீள இசை அனிமேஷன் படம் ஒன்று செய்தால் என்ன? அனிமேஷன் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, படம் வரையும் கிரீட்டாவும் அப்படித்தான். கதைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் தொடங்குபவர்கள் முதலில் கதாநாயகியின் முகம், சட்டை, பின்னல் என்று மாதக்கணக்கில் வரைவார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு "இனிப் பாட்டுப் போடுவோம்" என்று இசை தெரிந்த ஒருவரைத் தேடுவார்கள். மற்றத் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

விளக்குவதற்கு ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். எல். பிராங்க் பாம் 1900இல் வெளியிட்ட ஓஸ் மந்திரவாதியின் கதை. கான்சாஸ் புல்வெளியில் அடித்த சுழற்காற்று ஒரு சிறுமியை வீட்டோடு தூக்கிப்போய் வேறொரு தேசத்தில் இறக்குகிறது. வைக்கோல் மனிதன், தகர விறகுவெட்டி, கோழைச் சிங்கம் ஆகியோரோடு சேர்ந்து அவள் வீடு திரும்ப வழி தேடுகிறாள். நம்முடைய படத்தில் அந்த வீடு முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட இருக்கிறது. வைக்கோல் மனிதன் வயல் வெருளியாகிறான்.

உரிமை விஷயத்தில் பலர் தடுக்கி விழுவார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். பாம் இறந்தது 1919இல். ஆகவே அவருடைய புத்தகத்தை எடுத்தாளத் தடையில்லை. ஆனால் நம் தலையில் இருக்கும் காட்சிகள் பெரும்பாலும் 1939இல் வந்த ஹொலிவூட் படத்தினுடையவை. புத்தகத்தில் சிறுமி அணிவது வெள்ளிச் சப்பாத்து. அதைச் சிவப்புக் கல் பதித்த சப்பாத்தாக மாற்றியது அந்தப் படம்தான். நீங்களும் சிவப்பாக வரைந்தால், புத்தகத்திலிருந்து அல்ல, அந்தப் படத்திலிருந்து எடுக்கிறீர்கள்; உரிமைச் சிக்கல் வரலாம். அந்தப் படத்தின் மெட்டுகளும் அப்படியே. தமிழில் யாரோ செய்த மொழிபெயர்ப்பின் வரிகளை எடுத்தாலும் அதே சிக்கல் வரும், மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு.

சட்டத்துக்காக மட்டும் மூலத்துக்குப் போகச் சொல்லவில்லை. பாட்டுக்கான இடங்கள் அங்கேதான் கிடக்கின்றன. தகர மனிதன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிட்டு அழ, கண்ணீர் பட்டுத் தாடை துருப்பிடித்து வாய் திறக்க முடியாமல் போகும் இடம் ஒன்று புத்தகத்தில் வருகிறது. இசைப்படம் செய்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பாட்டின் நடுவில் குரல் இறுகி நிற்கிறது. எண்ணெய் விட்ட பிறகு அதே சொல்லில் மறுபடி தொடங்குகிறது. மரகத நகரம் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் எல்லோரும் கட்டாயமாகப் போட்டிருக்கும் பச்சைக் கண்ணாடி என்பதும் புத்தகத்தில் உள்ளதுதான். ஒரு ஊரே சேர்ந்து பாட அதில் இடமிருக்கிறது.

சரி, பாட்டுக்கு வருவோம். நம் சினிமாப் பழக்கத்தில் கதையை நிறுத்திவைத்துவிட்டுப் பாட்டுக்குள் போவோம். இசைப்படத்தில் பாட்டுத்தான் கதையை நகர்த்தும். பாட்டைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். கதை அப்படியே போகிறது என்றால் அந்தப் பாட்டு அங்கே தேவையில்லை. இதைப் படிக்க வெளியே எங்கும் போகவேண்டாம். காத்தவராயன் கூத்தையோ முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தையோ விடியும்வரை இருந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாத்திரம் வரவுப் பாட்டோடு வந்து தான் யார் என்று சொல்கிறது, வாக்குவாதம் பாட்டில் நடக்கிறது, முடிவும் பாட்டிலேயே எடுக்கப்படுகிறது. வெருளிக்கு ஒரு வரவுப் பாட்டு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வன்னி நாட்டார் பாடல்களில் குருவிப்பள்ளு இருக்கிறது, பண்டிப்பள்ளு இருக்கிறது, அருவிவெட்டு என்கிற அறுவடைப் பாட்டுகள் இருக்கின்றன. குருவி விரட்ட நட்டுவைத்தவனுக்குக் குருவிப்பள்ளின் நடையைவிடப் பொருத்தமான மெட்டு வேறு எங்கே கிடைக்கும்? அதை விட்டுவிட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இசைத்துண்டை இறக்கி, மேலே வரிகளை ஒட்டுவது பெரிய இழப்பு.

மெட்டு முடிவாகாமல் வரையக்கூடாது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள், என்றால் நிமிடத்துக்கு 1440. நான்கு நிமிடப் பாட்டுக்கு 5760 பிரேம். ஒன்றுவிட்டு ஒன்று வரைந்தாலும் 2880 படங்கள். மெட்டு பிறகு மாறினால் இத்தனையும் வீண். வேகத்தையும் யோசித்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும். நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் 12 பிரேம், 96 என்றால் 15, 90 என்றால் 16. ஆனால் 100 என்று வைத்தால் 14.4 வரும், பிரேமைப் பாதியாக வெட்ட முடியாது. அடி விழும் இடமும் கால் விழும் இடமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். எல்லாப் பாட்டையும் இப்படிக் கடிகாரத்தில் கட்ட வேண்டும் என்றில்லை. கூத்தை நடத்தும் அண்ணாவியார் பாத்திரத்தைப் பார்த்துத் தாளத்தை முடுக்குவார், தளர்த்துவார். அந்த உயிரைக் கெடுக்காதீர்கள். அப்படியான பாட்டை அவர்கள் போக்கிலேயே பாடவிட்டு ஒலிப்பதிவு செய்து, அடி எந்தப் பிரேமில் விழுகிறது என்று கேட்டுக் குறித்த பிறகு வரையுங்கள்.

தமிழில் மெட்டமைக்கும்போது குறில், நெடிலை மறப்பவர்கள் அதிகம். நீண்ட சுரத்தில் குறிலை வைத்து இழுத்தால் கல் காலாகிவிடும், படம் பாடமாகிவிடும். சிறு பிள்ளைகள் எழுத்துகளைப் பார்த்து அல்ல, காதால் கேட்டுத்தான் வரியைப் பிடிக்கிறார்கள். ஒருமுறை பிழையாகக் கேட்டால் அப்படியே பாடித் திரிவார்கள்.

உதட்டசைவு அடுத்தது. இணையத்தில் கிடைக்கும் வாய்வடிவ அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்குச் செய்தவை. தமிழ்ப் பாட்டில் வரிகள் மகரத்தில் முடிவது மிக அதிகம்: குளம், மரம், நேரம். அந்த இடத்தில் உதடு மூடியே இருக்கவேண்டும். வாயைத் திறந்தபடி விட்டுவிட்டால், பார்க்கும் பிள்ளைக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் யாரோ பின்னால் நின்று பாடுவதுபோல் படும். ப, ம வந்தால் மூடு. உ, ஓ வந்தால் குவி. இ, ஏ வந்தால் விரி. ஆ வந்தால் திற. வ வந்தால் மேற்பல் கீழுதட்டில் படட்டும். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு வாய்க்குள்ளேயே செய்யும் வேலை, வெளியே அதிகம் தெரியாது. இந்தச் சில வடிவங்களைச் சரியான பிரேமில் வைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

குரலுக்குப் பிள்ளைகளையே பிடியுங்கள். ஆனால் ஒரு பிள்ளையின் பேச்சையும் பாட்டையும் குறுகிய காலத்துக்குள் பதிந்து முடித்துவிடுங்கள். படம் முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் பையனின் குரல் உடைந்துவிடும்.

பேச்சு வழக்கில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் நோகிறது. மொழிமாற்றுக் கார்ட்டூன்களைப் பார்த்துப் பார்த்து, படம் என்றால் சென்னைத் தமிழ்தான் என்று பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள். வீட்டில் "ஓம்", "வாங்கோ" என்று கதைக்கும் பிள்ளை மைக்கின் முன்னால் "ஆமா", "வாங்க" என்று மாறிவிடும். சிறுமி தன் அம்மம்மாவோடு எப்படிக் கதைப்பாளோ அப்படியே படத்திலும் கதைக்கட்டும். அதோடு வன்னியின் பேச்சு ஒன்றல்ல. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பேச்சு இங்கே இருக்கிறது. 1990இல் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பிவந்த முஸ்லிம் மக்களின் பேச்சு இருக்கிறது. கரையோரப் பேச்சு வேறு. இவற்றில் ஒன்றை எடுத்துக் கோமாளிக்குக் கொடுத்துச் சிரிக்கவைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அறிவு வேண்டும் என்று புறப்பட்டு, வழி நெடுக எல்லோருக்கும் யோசனை சொல்பவன் வெருளி. அவனுக்கு மலையகப் பேச்சைக் கொடுத்துப் பாருங்கள்.

காட்டையும் காலத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். நமக்குப் புயல் வருவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்; பாலைப்பழம் பழுப்பது வைகாசிக்குப் பின்னால். இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டினால் துணுக்காய்ப் பிள்ளை உடனே கண்டுபிடிக்கும். இங்கே சிங்கம் இல்லை, ஆகவே கோழையாகக் கரடியை வைக்கலாம். யானையை வைப்பதானால் யோசித்து வையுங்கள். யானை விரட்டும் வெடிச் சத்தத்தோடு இரவைக் கழிக்கும் பிள்ளைகளுக்கு, கொஞ்சி விளையாடும் குட்டி யானை மட்டும் போதாது.

புயலின் ஒலியை மிகுந்த பொறுப்போடு செய்யவேண்டும். சீழ்க்கைபோல் எழுந்து பெரும் அதிர்வில் முடியும் சத்தம் படங்களில் சாதாரணம். ஆனால் 2009இன் இறுதிப் போரைக் கடந்துவந்தவர்கள் பிள்ளைகளோடு பக்கத்தில் இருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர்கள் உடம்பு வேறு அர்த்தம் சொல்லும். ஓலை உரசும் சத்தம், தகரக் கூரை படபடக்கும் சத்தம், கிணற்றுக் கப்பி ஆடும் சத்தம் என்று தாழ்வாகத் தொடங்கி உயர்த்தலாம். பயம் குறையாது. கதையில் வரும் சூனியக்காரிக்குச் சீருடை போட்டுப் போரைச் சொல்லவும் வேண்டாம். வீட்டை விட்டுத் தூக்கி எறியப்பட்ட ஒரு சிறுமி "நான் வீட்டுக்குப் போகவேணும்" என்று பாடினாலே, கேட்பவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

கடைசியாகத் திரையிடல். வன்னியில் இப்படியான படத்தைப் பெரும்பாலும் பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோதான் போடுவார்கள். வெறும் சுவரும் தகரக் கூரையும் எதிரொலிக்கும், மின்விசிறி இரையும், வாசலில் சின்னவர்கள் கதைப்பார்கள். ஹெட்போனில் இனிமையாகக் கேட்ட வாத்தியங்கள் அங்கே பாட்டின் சொற்களை விழுங்கிவிடும். இறுதி ஒலிக்கலவையை முடிக்கமுன் அப்படியொரு மண்டபத்தில், அங்கே இருக்கும் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேளுங்கள். பின்வரிசைப் பிள்ளைக்குச் சொல் விளங்கவில்லை என்றால் வாத்தியத்தைக் குறையுங்கள்.