வீட்டில் சின்னத் தச்சுப் பட்டறை: முதலில் மேசை, பிறகு மற்றவை

தச்சு வேலை பழகத் தொடங்குபவர்கள் பலரும் முதல் பணத்தை மின்ரம்பத்தில் போடுகிறார்கள். வாங்கி வந்த பிறகு பலகையை நாற்காலி மேல் வைத்து, முழங்காலால் அழுத்திப் பிடித்து வெட்டுகிறார்கள். வெட்டு கோணுகிறது, பலகை நழுவுகிறது. ரம்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடும் பலகையை எந்தக் கருவியாலும் நேராக வெட்ட முடியாது. அதனால் இங்கே முதல் வேலையே ஒரு கனமான பட்டறை மேசை செய்வதுதான். அளவெடுப்பது, வெட்டுவது, துளைப்பது, ஒட்டுவது எல்லாமே அதைச் செய்யும்போது கைக்குப் பழகிவிடும்.

படி 1: இடம்

2.4 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடம் இருந்தால் கைக்கருவி வேலைக்குப் போதும். மேசைக்கு முன்னால் குறைந்தது 90 செ.மீ. வெறுமையாக விடுங்கள், இழைக்கும்போது உடம்பு முன்னும் பின்னும் போய்வர வேண்டும். தரை சமமாகவும் ஈரக் கசிவு இல்லாமலும் இருக்கட்டும். பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். படுக்கையாக, 40 செ.மீ. இடைவெளியில் குச்சிகள் கொடுத்து அடுக்குங்கள். எல்லாப் பக்கமும் காற்றுப் படவேண்டும்.

விளக்கு தலைக்கு நேர் மேலே மட்டும் இருந்தால் உங்கள் நிழலே கோட்டை மறைக்கும். பக்கவாட்டில் தாழ்வாக ஒன்று வையுங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் பலகையின் மேடு பள்ளம் தெரியும்.

மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பு தேவை. நீட்டிப்பு வயர் சுருளாக இருந்தால் முழுதும் அவிழ்த்த பிறகே பயன்படுத்துங்கள். சுருட்டிய நிலையில் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும்.

படி 2: முதல் கருவிகள்

கைரம்பம் ஒன்று, 12 மற்றும் 25 மி.மீ. உளிகள், மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளி (எண் அதன் அளவைக் குறிக்கும்; நான்கு அல்லது ஐந்து போதும்), கொட்டாப்புளி, மூலைமட்டம், அளவு நாடா, கையில் பிடிக்கும் டிரில், பலகையை இறுக்கிப் பிடிக்க நான்கு கிளாம்ப். இவ்வளவே போதும். கிளாம்ப் மட்டும் எத்தனை இருந்தாலும் ஒன்று குறையும் என்பது தச்சர் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மூலைமட்டத்தை வாங்கும் இடத்திலேயே சோதியுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு. பிறகு மட்டத்தைத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை.

படி 3: மேசை

உயரம்: வேலை செய்யும் செருப்போடு நில்லுங்கள், கைகளைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்தால் அதுவே மேசையின் உயரம். இங்கே 860 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதைவிட உயர்ந்தால் இழைக்கும்போது உடம்பின் பாரம் இறங்காது, தோள் மட்டும் வலிக்கும்.

தேவையானவை:
18 மி.மீ. பிளைவுட், 2440 × 1220 மி.மீ., 1
90 × 45 மி.மீ. சட்டம், மொத்தம் 9 மீட்டர்
140 × 45 மி.மீ. சட்டம், 1 மீட்டர் நீளத்தில் 2
150 மி.மீ. நீள எம் 10 போல்ட் 8, நட்டு 8, வாஷர் 16
5 மி.மீ. தடிமனுள்ள திருகாணி: 75 மி.மீ. நீளத்தில் 40, 100 மி.மீ. நீளத்தில் 6
30 மி.மீ. திருகாணி ஒரு பெட்டி
வெள்ளை மரப்பசை 1 கிலோ

பிளைவுட்டின் 2440 மி.மீ. நீளத்தை நான்காகப் பிரித்தால், ரம்ப வெட்டில் போவது போக, ஏறக்குறைய 1220 × 607 மி.மீ. துண்டுகள் கிடைக்கும். மூன்று துண்டு மேல்பலகைக்கு, நான்காவது கீழ்த்தட்டுக்கு. வாங்கும் இடத்திலேயே வெட்டித் தருவார்களென்றால் யோசிக்காமல் வெட்டி வாங்குங்கள்.

நீங்களே வட்ட ரம்பத்தால் வெட்டுவதானால், அடியில் குறுக்காக நான்கு சட்டங்கள் கொடுங்கள், வெட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டாக. இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் பலகை தொய்ந்து ரம்பத்தகட்டைக் கவ்வும்; கவ்விய ரம்பம் உங்கள் மேலேயே துள்ளும். தகடு பலகைக்கு அடியில் 5 மி.மீ. நீண்டால் போதும். வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலாக வெட்டுவதால் பிசிர் மேற்பக்கம்தான் கிளம்பும். நல்ல முகத்தைக் கீழே போடுங்கள்.

மேல்பலகை: நல்ல துண்டை முகம் கீழாகத் தரையில் வையுங்கள். அந்த இடம் முறுக்கில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு நேர்கோல்களை இரு முனையிலும் குறுக்காக வைத்து, குனிந்து ஒன்றின் மேல் ஒன்றைப் பாருங்கள். மேல் விளிம்புகள் இணையாகத் தெரியாவிட்டால் அடியில் அட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள். இப்போது இருக்கும் முறுக்கு பசை காய்ந்தபின் நிரந்தரமாகிவிடும். ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 130 கிராம் பசை ஊற்றி, அட்டைத் துண்டால் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் அடுத்த துண்டைப் பொருத்திவிட வேண்டும். தாமதித்தால் பசையின் மேல் ஆடை படிந்து பிடிப்புப் போய்விடும். பிறகு 15 செ.மீ.க்கு ஒன்றாக 30 மி.மீ. திருகாணி. இரண்டு அடுக்கு சேர்ந்தால் 36 மி.மீ.; அதைவிட நீளமான ஆணி போட்டால் நல்ல முகத்தில் முனை எட்டிப் பார்க்கும். மூன்றாம் அடுக்கும் இதே போல். ஒரு நாள் விடுங்கள். இப்போது தடிமன் 54 மி.மீ.

கால்கள்: துளை பொளித்துக் கழுந்து செருகும் வேலை இப்போதைக்கு வேண்டாம். இரண்டு சட்டங்களை ஒட்டி ஒரு கால் செய்தால், இணைப்புக்கான பள்ளம் தானாகக் கிடைக்கும். வெளிச்சட்டத்தின் நீளம் 860இல் 54 போக 806 மி.மீ. அதன் உள்முகத்தில் கீழிருந்து 150 மி.மீ. கட்டை ஒன்றை ஒட்டுங்கள். பிறகு 90 மி.மீ. இடைவெளி. அதன்மேல் 476 மி.மீ. கட்டை. கட்டைகளுக்குப் பசையோடு 75 மி.மீ. திருகாணியும் போடுங்கள்; தரையிலிருந்து 270, 350 மி.மீ. உயரத்தில் மட்டும் வேண்டாம், அங்கே பிறகு போல்ட் வரும். உச்சியில் மிஞ்சும் 90 மி.மீ. இடைவெளி மேல் குறுக்குச்சட்டத்துக்கு.

அந்த 90ஐ நாடாவால் அளக்காதீர்கள். 90 என்று விற்கும் சட்டம் 88ஆக இருக்கும், 91ஆகவும் இருக்கும். குறுக்குச்சட்டத்தின் துண்டு ஒன்றையே இடைவெளியில் வைத்து, அதை ஒட்டிக் கட்டையைப் பொருத்துங்கள். பசை காயும் முன் துண்டை உருவிவிடுங்கள், இல்லையேல் அதுவும் காலாகிவிடும்.

நான்கு கால்கள் ஆனதும், 500 மி.மீ. நீளத்தில் நான்கு குறுக்குச்சட்டங்களை அந்தப் பள்ளங்களில் அமர்த்துங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு 75 மி.மீ. திருகாணியும் பசையும். திருகாணி முதலில் நுழையும் கட்டையில் 5 மி.மீ. துளை, அடுத்த கட்டையில் 3 மி.மீ. துளை என்று முன்கூட்டியே போடுங்கள். இரண்டிலும் ஒரே சின்னத் துளை போட்டால் புரி இரண்டு கட்டையையும் பற்றிக்கொள்ளும்; எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். துளையே போடாவிட்டால் முனை பிளக்கும். இறுக்கும் முன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக வரும்வரை நீளமான மூலைவிட்டத்தை கிளாம்பால் அழுத்துங்கள்.

நீளச்சட்டங்கள் (140 × 45) கீழ்க் குறுக்குச்சட்டங்களின் மேல் உட்கார்ந்து, கால்களின் உட்பக்கத்தை ஒட்டி ஓடும். கிளாம்ப் போட்டு, காலையும் சட்டத்தையும் சேர்த்து 10 மி.மீ. துளை போடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு துளை, மூலைக்கு மூலையாக: ஒன்று நீளச்சட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து 30 மி.மீ. மேலே, மற்றது மேல் விளிம்பிலிருந்து 30 மி.மீ. கீழே. ஒன்று காலின் வெளிமுகத்திலிருந்து 25, மற்றது 65 மி.மீ. இரண்டும் நடுவில் ஒட்டிய கோட்டில் விழக்கூடாது. கால் ஒட்டும்போதே இந்த உயரத்தில் திருகாணி போடாமல் விட்டிருக்க வேண்டும். இங்கே பசை வேண்டாம். மரம் சுருங்கினால் போல்ட்டை மறுபடி இறுக்கலாம், வீடு மாறினால் கழற்றலாம்.

மேல்பலகையின் முன் விளிம்பு காலின் முன்முகத்தோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். பின்னால் 10 செ.மீ. நீண்டால் பரவாயில்லை. முன்னால் நீண்டால் நீளப் பலகையைக் காலோடு சேர்த்துப் பிடிக்க முடியாது. மேலிருந்து ஒவ்வொரு குறுக்குச்சட்டத்துக்கும் மூன்று 100 மி.மீ. திருகாணி; தலைகளை 10 மி.மீ. உள்ளே இறக்குங்கள், இழைப்புளி இடறாமல் இருக்க. நான்காவது பிளைவுட்டை 320 மி.மீ. அகலத்துக்கு அறுத்து நீளச்சட்டங்களின் மேல் போட்டால் கீழ்த்தட்டு தயார். அதில் 25 கிலோ மணல் மூட்டை வையுங்கள். இழைக்கும்போது மேசை நகராமல் இருப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

படி 4: கூர்

புது உளியும் புது இழைப்புளியும் கடையிலிருந்து கூராக வருவது அபூர்வம். வாங்கிய அன்றே தீட்ட வேண்டும்.

முதலில் தகட்டின் பின்முகம், அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கம். முனையிலிருந்து 2 செ.மீ. வரையாவது தட்டையாக, பளபளப்பாக வரவேண்டும். இதை ஒருமுறை செய்தால் போதும். பிறகு சரிவு: 25 பாகை அடிப்படைக் கோணம், நுனியில் மட்டும் 30 பாகை. கோணம் பிடிக்கும் உருளைச்சட்டம் வாங்கினால் கை நடுக்கம் பற்றிக் கவலையில்லை. பக்கவாட்டில் கவ்வும் பொதுவான வகையில் 30 பாகைக்கு இழைப்புளித் தகட்டை 38 மி.மீ., உளியை 30 மி.மீ. வெளியே நீட்ட வேண்டும். இந்த இரண்டு அளவையும் ஒரு கட்டையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1000 எண் தீட்டுகல்லில் (எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்) தேய்க்க, பின்முகத்தில் விரல் ஓட்டினால் நுனியில் ஒரு மெல்லிய பிசிர் தட்டுப்படும். அகலம் முழுதும் பிசிர் வரும் வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். பழகுபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நுனியை எட்டாமலே 6000 எண் கல்லில் மெருகேற்றினால் பளபளக்கும், வெட்டாது. பிசிர் வந்தபின் 6000இல் பத்துத் தேய்ப்பு, பின்முகத்தைப் படுக்க வைத்து இரண்டு தேய்ப்பு, பிசிர் போய்விடும். மென்மரத்தின் குறுக்குவெட்டு முனையை உளியால் சீவிப் பாருங்கள். வழவழப்பாகச் சீவினால் பதம் வந்துவிட்டது. பொடிந்து உதிர்ந்தால் மறுபடி கல்லுக்கு.

படி 5: முதல் இழைப்பு

மேசை விளிம்புக்கு அருகில் 6 மி.மீ. தடிமனுள்ள பட்டையை ஆணியின்றித் திருகாணியால் பொருத்தினால், பலகை முட்டி நிற்க அது போதும். இழைப்புளியில் அலகின் நுனிக்கும் மேலுள்ள மூடுதகட்டுக்கும் 1 மி.மீ. இடைவெளி. அலகை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டு, சுருள் விழத் தொடங்கும் வரை ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். தொடங்கும்போது அழுத்தம் முன்பக்கம், முடிக்கும்போது பின்பக்கம். இல்லையேல் இரு முனையும் தேய்ந்து பலகை முதுகு வளையும்.

மேற்பரப்பு பிய்ந்து குழி விழுந்தால் நார் ஓட்டத்துக்கு எதிராக இழைக்கிறீர்கள். பலகையின் பக்கவிளிம்பில் நார் எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்த்து அந்தத் திசையிலேயே தள்ளுங்கள்.

இன்னொன்று: மரம் நீளத்தில் மாறாது, அகலத்தில் மாறும். 500 மி.மீ. அகலமுள்ள முழுமரப் பலகை, ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் 5 மி.மீ. வரை விரியும் அல்லது சுருங்கும். அதைச் சட்டத்தில் பசை போட்டு இறுக்கினால் பிளந்துவிடும். பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, முதல் மேசைக்கு அதைச் சொன்னதற்குக் காரணமும் அதுவே.

படி 6: தூசியும் தீயும்

இழைப்புச் சுருள் நுரையீரலுக்குள் போகாது. உப்புத்தாளும் மின்ரம்பமும் கிளப்பும் நுண்தூள்தான் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. துணி முகமூடி பயன்படாது. என் 95 தரத்தில் ஒன்று மூக்கோடு ஒட்டியிருக்க வேண்டும். வேலை முடிந்தவுடன் கழற்றாதீர்கள், நுண்தூள் காற்றில் நெடுநேரம் மிதக்கும். துடைப்பத்தால் பெருக்குவது படிந்த தூளை மறுபடி கிளப்பும். தூசி உறிஞ்சியோ ஈரத்துணியோ நல்லது.

சுழலும் கருவி அருகில் கையுறை போடக்கூடாது. நூல் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும். மின்ரம்பம் ஓடும்போது காதடைப்பான் கட்டாயம்.

ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காய்வதே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான். அப்போது வெப்பம் எழும். கசங்கிய துணிக்குள் அது தேங்கித் தானாகவே பற்றிக்கொள்ளும், அதுவும் மரத்தூள் நிறைந்த அறையில். துணியை ஒற்றையாக விரித்து வெளியே உலரவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் முக்கிவையுங்கள்.