நரம்பிசை நால்வரும் மிருதங்கமும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஒன்றாகச் சேர்வதே பெரிய காரியம். சேர்ந்துவிட்டால் மிருதங்கத்தையும் கூட்டி ஒரு புதிய உருப்படி எழுத ஆசை வரும். கணினியில் போட்டுக் கேட்டால் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். ஒத்திகையில்தான் குட்டு உடையும்.

பெரிய கோளாறு சுருதியில் வருகிறது. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், ஒரே ‘ச’வில் நிற்கும். இரண்டு கட்டையில், அதாவது டி-யில், தொடங்கியதை நடுவில் ஈ ஃபிளாட்டுக்கு ஏற்றினால், விழுகிற ஒவ்வொரு ‘நம்’ என்ற திறந்த அடியும் அரைக்கட்டை தாழ்ந்து உறுத்தும். கல்லால் தட்டிச் சரிசெய்ய இடையில் நேரமில்லை. ஜி-க்குப் போனால் அதே டி பஞ்சமமாகிவிடும். ஏ-க்குப் போனால் மத்திமம். இரண்டுமே ஒட்டும். வேறெங்கும் போயே தீரவேண்டுமா? அந்தப் பகுதியில் ‘கிட’ போன்ற மூடிய சொற்களோடு நிறுத்துங்கள். இரண்டு கட்டைக்கு இன்னொரு லாபமும் உண்டு: நால்வர் கையிலும் டி விரல் வைக்காமலே ஒலிக்கும் தந்தி.

வயலின் வாசிப்பவர் கர்நாடக சங்கீதம் பயின்றவரா என்று முதலிலேயே கேளுங்கள். அவர் தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டியிருப்பார். மேற்கத்திய முறையான ஜி-டி-ஏ-ஈ கணக்கில் எழுதிய விரல் எண்கள் அவருக்கு உதவாது.

இரட்டைத் தந்தி, அதாவது இரண்டு தந்திகளை ஒன்றாக ஒலிக்கும் இடம், எழுதும்போது பியானோ விரல்களை மறந்துவிட வேண்டும். வயலினின் அடி ஜி-யும் அதற்கு மேலுள்ள பி-யும் ஒரே தந்தியில்தான் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து ஒலிக்க எந்த வித்துவானாலும் முடியாது. மென்பொருள் மட்டும் கூசாமல் வாசித்துக் காட்டும்! வியோலாவுக்கு உரிய சுரக்குறியான ஆல்டோ கிளெஃபில் எழுதாமல் வயலின் தாளையே நீட்டுவதும் அடிக்கடி நடக்கிறது.

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவை 7/8 என்று போட்டால் மட்டும் போதாது. தகிட தகதிமி, அதாவது 3+2+2 என்று எட்டிலொரு சுரங்களின் வால்களைச் சேர்த்துக் கட்டுங்கள். 2+2+3 என்று கட்டிய தாளைப் பார்த்து செல்லோ ஓரிடத்தில் அழுத்தும், மிருதங்கம் வேறிடத்தில் விழும். மிருதங்கக்காரருக்கு ஐந்து கோட்டுத் தாள் பழக்கமில்லையென்றால் ஆவர்த்தன (தாளச் சுற்று) எண்ணும் சொற்கட்டும் தனித்தாளில் கொடுங்கள். ஓர் ஆவர்த்தனமும் மற்றவர்களின் ஒரு பாரும் ஒன்றாக இருக்கட்டும்.

வயலினில் ஒலியைத் தணிக்கும் மியூட் மாட்ட நாலைந்து வினாடி விடுங்கள். உருப்படியை, தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய ஹார்மோனிக்கில் முடிக்க நினைப்பவர்கள் மண்டபத்தின் தகரக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது. சாயங்கால மழை பிடித்தால் ஒன்றும் கேட்காது. நிகழ்ச்சியைக் காலையில் வைக்கலாம்.

தாள் புரட்டும் இடத்தில் ஓய்வு இருக்க வேண்டும். போட்டோஸ்டேட் கடையில் ஏ3 தாளில் அடித்து நடுவில் மடித்துக்கொண்டால் இரண்டு பக்கம் ஒரே பார்வையில் விரியும். காற்றாடிக்கு அடியில் உட்காருகிறவர்களுக்குத் துணி கிளிப் ஆளுக்கு இரண்டு.